எஞ்சிய ஆற்றலின் கணக்கு

நுழையும்முன்

மகிழுந்தை இயக்கியது போதும் என்று கழற்றப்படும் மின்கலத் தொகுப்பு, முற்றிலும் ஆற்றல் இழந்த ஒன்றன்று. அதன் கொள்திறனில் பெரும்பகுதி எஞ்சியே இருக்கிறது. எஞ்சியதைப் பயன்படுத்துவது சிக்கனம். எவ்வளவு எஞ்சியது என்பதை அளந்து, பெறுபவருக்கு அறிவிப்பது அறம். இவ்விரண்டும் பிரியலாகாது என்பதை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

பணி மாறும் மின்கலம்

லித்தியம் அயனி மின்கலம் 1991ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அதன் உருவாக்கத்திற்கு வழிவகுத்த ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது. ஒளிப்பதிவுக் கருவிகளிலும் கைப்பேசிகளிலும் இடம்பெற்ற அம்மின்கலம், இன்று மகிழுந்துகளை இயக்குகிறது.

புதிதாக இருந்தபோது பெற்றிருந்த கொள்திறனில் 70 முதல் 80 விழுக்காட்டிற்கு இறங்கியதும், மகிழுந்துப் பணிக்கு அத்தொகுப்பு ஏற்றதன்று எனக் கருதுவது வழக்கம். மகிழுந்து தன் மின்கலத்தின் எடையையும் சுமந்துகொண்டு நெடுந்தொலைவு ஓட வேண்டும். விரைந்து வேகமெடுக்கவும் வேண்டும். வீட்டின் மூலையிலோ சூரியமின் நிலையத்திலோ அசையாமல் இருக்கும் சேமிப்புக் கலத்திற்கு இந்நெருக்கடி இல்லை. 24 கிலோவாட் மணி கொள்திறனுடைய தொகுப்பு 70 விழுக்காட்டிற்குக் குறைந்தாலும், அதில் 16.8 கிலோவாட் மணி எஞ்சும். நாளொன்றுக்கு நான்கு அலகு மின்சாரம் செலவிடும் வீட்டிற்கு அது ஏறத்தாழ நான்கு நாள்களுக்குப் போதும்.

இத்துணை ஆற்றலை வீணாக்குவது முறையன்று. ஆயினும், 70 விழுக்காடு என்பது அளந்த நாளின் நிலை மட்டுமே. மறுபயன்பாட்டிலும் மின்கலத்தின் முதுமை தொடர்கிறது. இவ்வுண்மையை மறைத்து விற்கப்படும் மின்கலம், சிக்கனம் என்னும் பெயரில் பிறர் தலையில் சுமத்தப்படும் இழப்பே ஆகும்.

முதுமை வரும் வழிகள்

மின்கலம் இரு வழிகளில் முதுமை அடைகிறது. ஒன்று, நாள் செல்லச் செல்ல நேர்வது. மற்றொன்று, மின்னேற்றமும் மின்னிறக்கமும் மாறிமாறி நிகழ்வதால் நேர்வது.

மின்கலத்திற்கு முதன்முதலாக மின்னேற்றம் செய்யும்போதே, கிராஃபைட் மின்வாயின் மீது மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. அப்படலமே மின்வாயைக் காக்கிறது. ஆனால், ஆண்டுகள் செல்லச் செல்ல அது தடிக்கிறது. தடிக்கும்தோறும் லித்தியத்தின் ஒரு பகுதியைத் தன்னுள் சிறைப்படுத்துகிறது. சிறைப்பட்ட லித்தியம் மீண்டும் மின்னாற்றலைச் சேமிக்க உதவாது. மின்கலத்தைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் இவ்விழப்பு நேரும். வெப்பமும், முழு மின்னேற்ற நிலையிலேயே நெடுநாள் வைத்திருத்தலும் இதனை விரைவுபடுத்தும்.

ஒவ்வொரு மின்னேற்றத்தின்போதும் மின்வாய்ப் பொருள் விரிகிறது, மின்னிறக்கத்தின்போது சுருங்குகிறது. ஆயிரக்கணக்கான முறை இவ்வாறு நிகழும்போது அதில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. கடுங்குளிரில் விரைவு மின்னேற்றம் செய்தால், லித்தியம் மின்வாயினுள் புகாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிகிறது. அவ்வாறு படியும் உலோகம் கொள்திறனைக் குறைப்பதோடு, உட்குறுக்குச் சுற்றுக்கும் தீ விபத்துக்கும் வழிவகுக்கலாம்.

இவ்வீழ்ச்சி எப்போதும் சீராக நிகழ்வதில்லை. பல ஆண்டுகள் மெல்லக் குறைந்துவரும் கொள்திறன், ஒரு கட்டத்திற்குப்பின் செங்குத்தாகச் சரியக்கூடும். ஆகவே, இன்று 75 விழுக்காடு காட்டும் இரு மின்கலங்களுள் ஒன்று மேலும் பல ஆண்டுகள் உழைக்கலாம். மற்றொன்று அடுத்த ஆண்டே தளரலாம். வாழ்ந்த சூழலே இவ்வேறுபாட்டிற்குப் பெரிதும் காரணமாகிறது. 2010ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் மகிழுந்தின் தொகுப்பில் நீர்மக் குளிர்விப்பு அமைப்பு இல்லை. வெப்பம் மிகுந்த அமெரிக்க மாநிலமான அரிசோனாவில், 2012ஆம் ஆண்டிலேயே உரிமையாளர்கள் கொள்திறன் இழப்பைக் கண்டு முறையிட்டனர். கோடையின் கடுமையை நன்கறிந்த நமக்கும் இதில் பாடம் உண்டு.

நமியே நகரின் பாடம்

லீஃப் மகிழுந்து விற்பனைக்கு வருவதற்கு முன்பே, அதன் மின்கலங்களின் மறுபயன்பாட்டிற்காக நிசான், சுமிடோமோ ஆகிய நிறுவனங்கள் இணைந்து 2010ஆம் ஆண்டு '4ஆர் எனர்ஜி' என்னும் நிறுவனத்தைத் தொடங்கின. 2018ஆம் ஆண்டு ஜப்பானின் ஃபுகுஷிமா மாவட்டத்திலுள்ள நமியே நகரில் அதன் ஆலை திறக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு அணுவுலை விபத்தால் மக்கள் முற்றிலும் வெளியேற்றப்பட்ட நகரம் அது.

தொடக்ககால லீஃப் தொகுப்பில் 48 கூறுகள் உண்டு. அவை அனைத்தும் ஒரே அளவில் முதுமை அடைவதில்லை. ஒரே நுகத்தில் பூட்டிய இரு காளைகளுள் தளர்ந்த காளையின் நடையே வண்டியின் நடையாவதுபோல, தொடராக இணைத்த மின்கலங்களுள் நலிந்த ஒன்றே தொகுப்பின் பயனை வரையறுக்கிறது. எனவே, நமியே ஆலையில் கூறுகள் அளக்கப்பட்டுத் தரம் பிரிக்கப்படுகின்றன. உயர்தரமானவை மீண்டும் மகிழுந்துத் தொகுப்புகளுக்குச் செல்கின்றன. அடுத்த தரத்தவை சுமைதூக்கி ஊர்திகளுக்கும் நிலையான சேமிப்பு அமைப்புகளுக்கும், அதற்கும் அடுத்தவை அவசரகால மின்வழங்கலுக்கும் பயன்படுகின்றன.

48 கூறுகளையும் அளக்க முன்னர் 16 நாள்கள் தேவைப்பட்டன. புதிய முறையால் அது நான்கு மணி நேரமாகக் குறைந்தது. அளவீடு எளிதானதாலேயே மறுபயன்பாடு தொழிலாக வளர முடிந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

தெரிந்து தெளிவோம்

ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டு இயற்றிய மின்கல ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, 2027 பிப்ரவரி 18 முதல் மின்னூர்தி மின்கலங்களுக்கு எண்ணிமக் கடவுச்சீட்டு கட்டாயமாகிறது. மறுபயன்பாட்டிற்காக மாற்றியமைக்கப்படும் மின்கலத்திற்கு, பழைய கடவுச்சீட்டுடன் இணைந்த புதிய கடவுச்சீட்டு வழங்கப்பட வேண்டும்.

மறுப்பும் விடையும்

"பழைய மின்கலங்களைச் சோதிக்கும் செலவு வீண், அவற்றை உடனே மறுசுழற்சிக்கு அனுப்பிவிடலாமே!" என்பர் சிலர். லித்தியம், நிக்கல், கோபால்ட் முதலியவற்றை மீட்டெடுக்கும் மறுசுழற்சி இன்றியமையாததுதான். ஆனால், உழைக்க வல்ல மின்கலத்தை உடைத்து மூலப்பொருளாக்கி, மீண்டும் ஆற்றல் செலவிட்டு மின்கலமாக்குவது எவ்வாறு சிக்கனமாகும்? உழைக்க வல்லது உழைக்கட்டும். இயலாதது மறுசுழற்சிக்குச் செல்லட்டும். இவற்றைப் பிரித்தறிவதற்கே சோதனை வேண்டும்.

"குறைந்த விலைக்குத்தானே விற்கிறோம்? சான்று எதற்கு?" என்பது மற்றொரு வாதம். இது முன்னதினும் தீங்கானது. குறைந்த விலைப் பொருளை நாடுவோர் சிறு கடைக்காரரும் எளிய குடும்பத்தினருமே ஆவர். மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்த்து வயதை அறிவர் உழவர். மின்கலத்தின் உறையைப் பார்த்து அதன் வயதை எவரும் அறிய இயலாது. அறிய இயலாதவரிடம் அறிந்தவர் மறைப்பது வணிகமாகாது. இழப்பைத் தாங்க இயலாதவர் மீதே அவ்விழப்பு விழுகிறது.

நாம் கேட்க வேண்டியவை

இந்தியாவில் 2022ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய மின்கலங்களைத் திரட்டி, மறுசுழற்சியோ புதுப்பிப்போ செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது வைக்கின்றன. இது நன்முயற்சி. இதனோடு, மறுபயன்பாட்டிற்கு வரும் ஒவ்வொரு மின்கலமும் மூன்று வினாக்களுக்கு விடை தாங்கி வர வேண்டும். இன்று அளந்த கொள்திறன் எவ்வளவு? இதுவரை எத்தகைய வெப்பத்திலும் மின்னேற்றத்திலும் அது உழைத்தது? அதன் பணி முடிந்தபின் திரும்பப் பெறுபவர் யார்?

மாணவர்களே, சாலையில் இன்று ஓடும் மின்மகிழுந்துகளின் மின்கலங்கள் தம் முதற்பணியை முடிக்கும் காலத்தில், அவற்றைச் சோதிப்போரும் விற்போரும் வாங்குவோருமாக நீங்களே இருப்பீர்கள். முதுமை எப்பொருளுக்கும் இயல்பு, அது குறையன்று. அதனை மறைப்பதே குறை. பழையதை வாங்கத் தயங்க வேண்டியதில்லை. அளந்து கூறாததை வாங்காதீர்கள். அளந்து கூறாமல் எவருக்கும் விற்காதீர்கள்.