காரில் போகும் பிள்ளைகளுக்கு நாம் கட்டிக் கொடுப்பது என்ன?

பங்குனி கடைசியில் பரீட்சை முடிந்து, சித்திரை பிறந்து பள்ளிக்கூடம் அடைத்துவிட்டால் குடும்பங்கள் ஊர் ஊராகப் புறப்பட்டுவிடுகின்றன. குலதெய்வக் கோயில், பாட்டி வீடு, கொடைக்கானல், திருச்செந்தூர் என்று ஆளுக்கொரு திசை. முன்பு பஸ்ஸிலும் ரயிலிலும் போனவர்களில் பாதிப்பேர் இன்று சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ போகிறார்கள். புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, நாம் கடை எடுத்து வைக்கும் நேரத்தில், வீட்டு அம்மா வந்து நிற்பார். "அண்ணாச்சி, விடியக்காலம் ஊருக்குக் கிளம்புறோம். பிள்ளைகளுக்கு வண்டியில கொறிக்க ஏதாச்சும் குடுங்க" என்பார்.

இந்த வியாபாரத்தை நாம் கவனித்துச் செய்கிறோமா என்பதே என் கேள்வி. என் பார்வையில் இல்லை. வாசலில் தொங்கும் சரத்திலிருந்து பத்துப் பதினைந்து பாக்கெட்டுகளைக் கிழித்துக் கொடுத்து, ஒரு பாட்டில் கலர் பானத்தையும் சேர்த்துக் கணக்கை முடித்துவிடுகிறோம். அந்தப் பாக்கெட்டுகள் மறுநாள் வண்டிக்குள் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரிவதில்லை.

சாலைகள் மாறிவிட்டதை நம் வணிகர்கள் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் மதுரையிலிருந்து சென்னை போகும் வண்டி ஊருக்கு ஊர் கடைத்தெருவுக்குள் புகுந்துதான் வெளியே வரும். பழக்கடையும் முறுக்குக் கூடையும் ஜன்னலோரம் வரும். இப்போது நான்கு வழிச்சாலை ஊரைத் தொடாமல் ஒதுங்கிப் போகிறது. ஏறக்குறைய 460 கிலோமீட்டர் தூரத்தில் விராலிமலை, பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை, விக்கிரவாண்டி என்று பெயர்ப்பலகையைத்தான் பார்க்கிறோம், ஊரைப் பார்ப்பதில்லை. இடையில் நிறுத்தினால் பெரிய உணவகமும் அதையொட்டிய கடையும்தான். அங்கே விலை என்ன என்பது ஒரு தரம் போய் வந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே குடும்பஸ்தர்கள் புறப்படும் முன்பே வாங்கிக்கொள்ள நினைக்கிறார்கள். வழியிலிருந்த வியாபாரம் இப்படி நம் தெருக்கடைக்கே திரும்பி வந்திருக்கிறது. வந்ததைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும்.

வண்டியில் பிள்ளைகளுக்கு வரும் முதல் தொந்தரவு வாந்தி. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "நாம் அசைகிறோம்" என்கிறது. முன்சீட்டின் முதுகையோ செல்போனையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண், "அசையவில்லை" என்கிறது. இரண்டும் முரண்படும்போது குமட்டல் வருகிறது. கைக்குழந்தைகளுக்கு இது அவ்வளவாக வருவதில்லை. இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயது வரையில்தான் அதிகம். வெறும் வயிற்றோடு ஏற்றினாலும் வரும். பால், பூரி என்று வயிறு முட்டக் கொடுத்து ஏற்றினாலும் வரும். எண்ணெய் மிகுந்தது, மசாலா வாசனை தூக்கலானது, காரமானது எல்லாம் இதைக் கூட்டிவிடும். கண்ணாடி ஏற்றி ஏ.சி. போட்ட வண்டிக்குள் ஒரு மசாலா சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தால் அந்த வாசனை வெளியே போக இடமில்லை. தின்னாத பிள்ளைக்கும் குமட்டும்.

அடுத்தது தாகம். உப்புப் பண்டம் தின்ற பிள்ளை தண்ணீர் கேட்கும். தண்ணீர் குடித்த பிள்ளை அரைமணி நேரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லும். நான்கு வழிச்சாலையில் கண்ட இடத்தில் நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் எதைக் கொடுப்பது? நம்மிடம் இருக்கும் சரக்கிலேயே எல்லாம் இருக்கிறது. பொரியைப் போல வயிற்றுக்கு லேசான பண்டம் வேறில்லை. நமத்துப் போகாமல் இருந்தால் போதும். காரமில்லாத தேன்குழல் நல்லது. வாயில் வைத்தால் கரையும். கைமுறுக்கும் தட்டையும் பெரிய பிள்ளைகளுக்குச் சரி. ஓமப்பொடி வேண்டாம், தின்பதைவிட சீட்டில் சிந்துவது அதிகம். ரஸ்க், ஆரோரூட் பிஸ்கட், சாதாரண ரொட்டி இவையெல்லாம் குமட்டும் பிள்ளைக்கும் ஒத்துக்கொள்ளும். கிரீம் வைத்ததும் சாக்லேட் பூசியதும் வெயிலில் நின்ற வண்டிக்குள் கூழாகிப்போகும். அந்தக் கையைத் துடைக்க ஓட்டுகிற அப்பா திரும்பிப் பார்ப்பார். அது போதும் விபத்துக்கு. இனிப்பு வேண்டுமென்றால் பொட்டுக்கடலை மாவில் பிடித்த மாலாடு, விதை நீக்கிய பேரீச்சை, வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் கிடைத்தது. வாங்குகிறவரிடம் இதைச் சொல்லி விற்கும் கடைக்காரர்கள் எத்தனை பேர்?

கடைவாசலில் பழத்தார் தொங்கும். அதிலிருந்து அரைச்சீப்பு எடுத்துக் கொடுக்க நமக்கு ஏன் தோன்றுவதில்லை? வாழைப்பழம் கை கழுவாமல் உரித்துத் தின்னக்கூடிய பண்டம். இயற்கையே காகிதம் சுற்றிக் கொடுத்தது. இரண்டு எலுமிச்சம்பழமும் போட்டுக் கொடுக்கலாம். குமட்டும்போது முகர்ந்து பார்ப்பது நம் வீட்டு வழக்கம். இஞ்சி குமட்டலைத் தணிக்கும் என்பதால் மலைப்பாதை போகிறவர்களுக்கு இஞ்சி மரப்பா கொடுப்பதும் உண்டு. பள்ளி போகும் வயதுப் பிள்ளைக்கு ஒரு சிறு துண்டு போதும், சின்னக் குழந்தைக்கு அந்த உறைப்பு ஆகாது.

இனி நான் சொல்லப்போவதைக் கடைப் பையன்களுக்கும் சொல்லி வையுங்கள். "பிள்ளைக்கு எத்தனை வயசும்மா?" என்று கேட்காமல் வண்டிக்குப் பண்டம் கட்டாதீர்கள். நான்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழு நிலக்கடலை, வறுத்த பட்டாணி, உருண்டைச் சீடை, கல்லுப்போன்ற மிட்டாய், சோளப்பொரி, முழுத் திராட்சை ஆகாது. கடைவாய்ப் பல் சரியாக முளைத்திராது. மென்று கூழாக்கத் தெரியாது. வீட்டிலேயே ஆகாத பண்டம் ஓடுகிற வண்டியில் எப்படி ஆகும்? சிரிக்கும்போது, அழும்போது, வண்டி குலுங்கும்போது அது உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பின்சீட்டில் இருக்கும் குழந்தைக்கு மூச்சு முட்டுவது முன்சீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியவே ஒரு நிமிடம் ஆகும்.

எங்கள் உறவுக்காரர் வீட்டு மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு இப்படி ஒரு வறுத்த பட்டாணி மூச்சுக்குழாயில் சிக்கிக்கொண்டது. இருமி இருமி அடங்கிவிட்டதால் சரியாகிவிட்டது என்று நினைத்துக் கொண்டு இரண்டு மணி நேரம் பயணம் செய்திருக்கிறார்கள். ஊர் போய்ச் சேர்ந்தபின் மூச்சில் விசில் சத்தம் கேட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். குழாய் விட்டு எடுத்தார்கள், பிழைத்தது. அந்தப் பட்டாணியை எந்தக் கடையில் வாங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. நம்மைப் போன்ற ஒரு கடையில்தான் வாங்கியிருப்பார்கள். டாக்டர்கள் இதில் சொல்வது மூன்று. குழந்தையால் இருமவும் அழவும் முடிந்தால் இருமவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக்கூடாது. இருமல் அடங்கிவிட்டாலும் ஆஸ்பத்திரியில் காட்டாமல் விடக்கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனும் தேன் கலந்த பண்டமும் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பாக்கெட்டுக்குள் சின்ன விளையாட்டுச் சாமான் போட்டு வரும் சரக்கை நான் வாங்கி வைப்பதில்லை. கண் மூடித் தின்கிற பிள்ளைக்குக் கடலை எது, பொம்மை எது?

சாயம் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது நினைவிருக்கும். துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் கலந்திருந்ததுதான் காரணம். விரலில் மாட்டித் தின்னும் குழல் அப்பளத்தையும் ரோஸ் மிட்டாயையும் ஊர் பேர் இல்லாத ஆளிடம் மலிவாக வாங்கி டின்னில் கொட்டி வைப்பவர்கள் இனியாவது பில் கேட்டு வாங்குங்கள். அதிகாரி வந்தால் பதில் சொல்ல வேண்டியது சரக்குப் போட்ட ஆள் மட்டுமல்ல, விற்ற நாமும்தான்.

பானங்களில் ஒரு விஷயம். பயணத்துக்கு "ஓ.ஆர்.எஸ்." என்று அட்டை டப்பாவில் வரும் இனிப்புப் பானத்தை மருந்து என்று நினைத்துத் தாய்மார்கள் வாங்கிப் போனார்கள், நாமும் அப்படியே நினைத்து விற்றோம். உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவுப்படி இல்லாத பானங்களின் மேல் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டுவிட்டது. பழைய சரக்கு எங்காவது அலமாரி மூலையில் கிடந்தால் திருப்பிவிடுங்கள். வாந்தியெடுத்த பிள்ளைக்குத் தேவை மருந்துக்கடையில் கிடைக்கும் சரியான ஓ.ஆர்.எஸ். பொடி. அந்தப் பாக்கெட்டில் எழுதிய அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். குறைத்தும் கூட்டியும் கரைக்கக்கூடாது.

கட்டிக் கொடுக்கும் முறையையும் பார்ப்போம். செய்தித்தாளில் எண்ணெய்ப் பண்டத்தைச் சுற்றுவது 2018-ஆம் ஆண்டு பேக்கேஜிங் விதிகளின்படியே கூடாது; மையில் உள்ள ஈயம் முதலானவை எண்ணெயில் ஊறி இறங்கும். பிளாஸ்டிக் பைக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. வெள்ளைக் காகிதப் பை வாங்கி வையுங்கள். வாயை மடித்து நூலால் கட்டுங்கள், பின் அடிக்க வேண்டாம். பின் உதிர்ந்தால் பொரிக்குள்தான் கிடக்கும். எல்லாப் பண்டத்தையும் சேர்த்து ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுங்கள். கடைப் பெயர் அச்சடித்த மஞ்சள் பை கல்யாண வீட்டிலிருந்து கோர்ட்டு வரைக்கும் போன காலம் நமக்குத் தெரியும். இன்று அது காரின் பின்சீட்டில் ஐந்நூறு கிலோமீட்டர் போகட்டுமே, இதைவிட மலிவான விளம்பரம் உண்டா?

ஒரு எச்சரிக்கை. வாடிக்கையாளர் கேட்ட பின் அவர் கண் முன்னால் நிறுத்துக் கட்டுவது வேறு. முன்கூட்டியே பொட்டலம் போட்டு அடுக்கி வைப்பது வேறு. பின்னதைச் செய்தால் பொருளின் பெயர், நிகர எடை, கட்டிய தேதி, விலை, கட்டியவர் முகவரி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் முதலிய விவரங்கள் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். சிறிய கடைகளுக்கு முன்னதே நல்லது.

"சரத்தைத் தொங்கவிட்டால் நிறுக்கும் வேலையில்லை, கழிவு இல்லை, எறும்பு இல்லை, அண்ணாச்சி சொல்கிறபடி செய்தால் ஆள் கூலி யார் கொடுப்பது?" என்று சில்லறை வியாபாரிகள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நூறு ரூபாய்க்குச் சரம் விற்றால் நம் கையில் நிற்பது பெரும்பாலும் பத்து ரூபாயைச் சுற்றியே. தூளும் நமப்பும் கழித்தாலும் சில்லறைப் பண்டத்தில் அதைவிடக் கூடவே நிற்கிறது. வாங்கும் தொகையும் கூடுகிறது. பாக்கெட்டுக்கு எழுபது எண்பது செலவழிக்கும் வீடு, பை கட்டித் தந்தால் இருநூறு முந்நூறுக்குத் தயங்காது. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கு வரி 18-லிருந்து 5 சதவீதமாகவும், பாக்கெட் மிக்சர் வகைகளுக்கு 12-லிருந்து 5 ஆகவும் குறைந்துவிட்டது. சோடா கலந்த பானங்களுக்கு 40. வரியே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பாருங்கள். சரத்தை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளை கை காட்டி அழும்போது ஒரு பாக்கெட் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கேட்பவர் "ஏதாச்சும் குடுங்க" என்று நம் பொறுப்பில் விடும்போது என்ன கொடுக்கிறோம் என்பதுதான் நான் கேட்பது.

சரக்கின் புதுசு மிக முக்கியம். காறல் வாடை வந்த எண்ணெய்ப் பண்டம் வீட்டில் தின்றாலே புரட்டும். மே மாத வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் என்னாகும்? கடலை மிட்டாயில் ஒரு பருப்பு கசந்தாலும் அந்தச் சரக்கை மொத்தக் கடைக்கே திருப்பி அனுப்புங்கள், மாற்றித் தர வேண்டியது எங்கள் கடமை. மாற்றித் தராத மொத்த வியாபாரியிடம் வாங்காதீர்கள்.

வெள்ளி, சனி இரவுகளில்தான் இந்தக் கேட்பு வரும். அதனால் பண்டங்களை வியாழக்கிழமை இறக்குங்கள். ஒரு வாரத்துக்கு மேல் தேங்காத அளவில் இறக்குங்கள். தேன்குழலும் மாலாடும் உள்ளூரில் செய்து தரும் பெண்கள் குழு இருந்தால் அவர்களுக்கு இரண்டு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். பொரி மட்டும் அன்றன்றைக்கு வாங்கலாம். கடலை மிட்டாய்க்குச் சித்திரையில் எப்போதும் தட்டுப்பாடு வரும். வேண்டியவர்கள் பங்குனி இருபதுக்குள் எங்களைப் போன்றவர்களிடம் எண்ணிக்கை சொல்லி வைத்தால், ஆலையில் புதுச் சரக்காகப் போட்டு வாங்கித் தர முடியும்.