தன்னுணர்வுக்குத் தேர்வு வைப்பது யார்?

ரோபோக்களைப் பற்றிய ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடருக்கு இங்கே என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குவோம். செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய 'ஆர்.யூ.ஆர்.' நாடகத்தில்தான் 'ரோபோ' முதன்முதலில் வருகிறது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் ஜோசப். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் நிலப்பிரபுவின் வயலில் குடியானவர்கள் கூலியில்லாமல் செய்தே தீர வேண்டிய உழைப்பு. நம் ஊரில் அதற்குப் பெயர் வெட்டி. ஹாப்ஸ்பர்க் பேரரசில் அந்த முறை 1848இல் ஒழிக்கப்பட்டது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகும், தொழிற்சாலையில் செய்யப்பட்ட மனிதர்களுக்கு ஒரு பெயர் தேடியபோது அதே சொல்தான் கைக்கு அகப்பட்டிருக்கிறது. ஆகவே ரோபோ கதை என்பது பெயரிலேயே கட்டாய உழைப்பின் கதை. நமக்கு இதில் பேச இடமுண்டு.

நாம் பேசவிருப்பது 'ஹியூமன்ஸ்'. சேனல் 4 இதை 2015 ஜூனில் தொடங்கியது. 2015, 2016, 2018 என மூன்று சீசன்கள், மொத்தம் 24 அத்தியாயங்கள். 2012இல் ஸ்வீடன் தொலைக்காட்சியில் லார்ஸ் லுண்ட்ஸ்ட்ரோம் உருவாக்கிய 'உண்மையான மனிதர்கள்' என்ற தொடரின் மறு ஆக்கம் இது. பிரிட்டனுக்காக எழுதியவர்கள் சாம் வின்சென்ட், ஜோனதன் பிராக்லி. கதையில் பறக்கும் கார் கிடையாது, விண்கலம் கிடையாது. இன்றைய பிரிட்டன்தான். ஒரே ஒரு மாற்றம், பார்க்க அச்சு அசல் மனிதரைப்போல இருக்கும் 'சிந்த்' என்ற இயந்திரங்கள் கடையில் விலைக்குக் கிடைக்கின்றன. வித்தியாசம் தெரிவதற்காக அவற்றின் கண்கள் பச்சையாக மின்னும். (கதை முழுவதையும் உடைத்துத்தான் பேசப்போகிறோம். இன்னும் பார்க்காதவர்கள் கோபிக்க வேண்டாம்.)

தொடர் வெளிவருவதற்கு முன் 'பெர்சோனா சிந்தெடிக்ஸ்' என்ற கற்பனை நிறுவனத்தின் பெயரில் விளம்பரம் செய்தார்கள். லண்டன் ரீஜென்ட் தெருவில் கடை முகப்பு அமைத்தார்கள், இபேயில் சிந்த் விற்பனைக்கு என்று பட்டியலிட்டார்கள். வீட்டு வேலைக்கு ஒருவர், பேச மாட்டார், களைக்க மாட்டார், சம்பளம் கேட்க மாட்டார். அறிவியல் புனைவு என்று சொல்லாமலேயே இந்த விளம்பரத்தை ஒளிபரப்ப முடிந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனைவி லாரா ஊரில் இல்லாத நேரத்தில் ஜோ ஹாக்கின்ஸ் ஒரு சிந்தை வாங்கி வருகிறான். வீட்டில் அதற்கு அனிதா என்று பெயர் வைக்கிறார்கள். (நம் ஊர்ப் பெயர்போல ஒலிப்பது தற்செயல்தான், ஸ்வீடன் மூலத்திலும் அதே பெயர்.) சமைப்பது, துவைப்பது, வீடு கூட்டுவது, கடைக்குட்டி சோஃபிக்குத் தூங்கும்முன் கதை வாசிப்பது எல்லாம் அனிதா. அம்மா அவசரப்படுவாள், அனிதா அவசரப்படுவதில்லை என்பதால் குழந்தைக்கு அனிதா வாசிப்பதுதான் பிடிக்கிறது. லாராவுக்கு வயிறு எரிகிறது. ஒரு நாள் ஜோ, பெரியவர்களுக்கான வசதியை இயக்கி அனிதாவின் உடலைப் பயன்படுத்துகிறான். மாட்டிக்கொண்டதும் அவன் சொல்லும் சமாதானம், அது வெறும் பொருள்தானே என்பது. ஆனால் அனிதாவுக்குள் மியா இருக்கிறாள். தன்னுணர்வு உள்ள, திருடப்பட்டு, நினைவு அழிக்கப்பட்டு, புதிய சரக்காக விற்கப்பட்ட ஒருத்தி. நடந்ததை எல்லாம் அவள் உள்ளேயிருந்து அறிந்துகொண்டிருந்தாள்.

இந்தப் பகுதி நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. வீட்டு வேலைக்கு வருபவரைக் 'குடும்பத்தில் ஒருத்தி' என்று சொல்லிக்கொண்டே அவர் எங்கே உட்கார வேண்டும், எப்போது அறையைவிட்டுப் போக வேண்டும் என்று வரையறுக்கும் வீடுகளை அறிந்தவர்களுக்கு ஹாக்கின்ஸ் வீடு அந்நியமாக இருக்காது.

ஆனால் இந்தத் தொடரில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 2015இன் பிரிட்டனில் பணக்கார வீடுகளில் குழந்தை பார்த்தவர்கள், தரை துடைத்தவர்கள் யார்? பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து முதலாளியோடு அழைத்து வரப்பட்ட பெண்கள். 1998 முதல் அவர்களுக்கு முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமை இருந்தது. 2012 ஏப்ரலில் பிரிட்டன் அரசு அதைப் பறித்தது. அடித்தாலும், சம்பளம் தராவிட்டாலும், அந்த வீட்டைவிட்டு வெளியேறினால் விசா போய்விடும். 2015இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது பிரபுக்கள் சபை அந்த உரிமையைத் திருப்பித் தரத் திருத்தம் நிறைவேற்றியது, மக்களவை நிராகரித்தது. சட்டம் வந்த சில மாதங்களில் 'ஹியூமன்ஸ்' ஒளிபரப்பானது. ஒரு வெள்ளை நடுத்தரக் குடும்பம், சீன வம்சாவளியைச் சேர்ந்த நடிகை ஜெம்மா சான் வேலைக்காரியாக. பிரிட்டன் தன் வீட்டுப் பணியாளர்களைப் பற்றித்தான் கனவு காண்கிறது, ஆனால் அந்தப் பணியாளர்கள் அந்தக் கனவில் இல்லை. துன்பப்படுபவர் இயந்திரமாக இருக்கும்போது பார்வையாளருக்கு அழுவது எளிது. நிஜப் பெண்ணுக்காக அழுதால் விசா விதியைப் பற்றிப் பேச வேண்டி வரும்.

நிஸ்காவுக்கு வருவோம். தொடரின் ஆகச் சிறந்த பாத்திரம் இவள்தான். தன்னுணர்வு உள்ள சிந்த். பாலியல் விடுதியில் ஒளிந்திருக்க நேர்கிறது. வலியை நிறுத்திக்கொள் என்று அவளிடம் சொல்லப்படும்போது அவள் மறுக்கிறாள். உணரத்தான் படைக்கப்பட்டேன் என்பது அவள் நிலைப்பாடு. சின்னப் பெண்ணைப்போல, பயந்தவளைப்போல நடி என்று கேட்கும் ஒருவனைக் கொன்றுவிட்டு அங்கிருந்து வெளியேறுகிறாள். இரண்டாவது சீசனில் அவளாகவே திரும்பி வந்து, வழக்கறிஞரான லாராவிடம் ஒன்று கேட்கிறாள்: கொலைக்காக என்னை விசாரியுங்கள், ஆனால் மனிதரை விசாரிப்பதுபோல விசாரியுங்கள்.

அரசின் பதில், முதலில் உனக்குத் தன்னுணர்வு இருக்கிறது என்று நிரூபி என்பது. அவளை அறையில் வைத்து, அவள் உணர்கிறாளா என்று அளந்து பார்க்கிறார்கள். அளப்பவர்களுக்கு அப்படி ஒரு சோதனை ஒருபோதும் நடந்ததில்லை. லாராவுக்குத் தன்னுணர்வு உண்டா என்று யாரும் கேட்கவில்லை. விடுதிக்கு வந்தவனுக்கு அது இருந்ததா என்றும் யாரும் கேட்கவில்லை. தேர்வு எழுதுபவர் ஒரு பக்கம், கேள்வித்தாள் தயாரிப்பவர் மறுபக்கம் என்று பிரித்தபோதே அநியாயம் நடந்து முடிந்துவிட்டது. மதிப்பெண் என்ன வந்தது என்பது இரண்டாம்பட்சம். நியாயமான விசாரணை கிடைக்காது என்று புரிந்ததும் நிஸ்கா தப்பித்துப் போகிறாள். அவளைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

பிரிட்டிஷ் சட்டத்துக்கு இது பழைய விளையாட்டு. 1781இல் 'சோங்' என்ற கப்பலின் ஆட்கள் 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடலில் வீசினார்கள். 1783இல் லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தது கொலை வழக்கு அல்ல, காப்பீட்டு வழக்கு. சரக்கு நஷ்டத்துக்குப் பணம் உண்டா இல்லையா என்பதே அங்கே பேசப்பட்டது. அதே ஆங்கிலேயர்கள் 1661இல் பார்படோஸில் இயற்றிய அடிமைச் சட்டம், அடிமை குற்றம் செய்தால் விசாரித்துத் தண்டிக்க வழி வைத்திருந்தது. விற்கும்போது பொருள், தூக்கிலிடும்போது மட்டும் ஆள். நிஸ்கா இந்தத் தந்திரத்தைத் திருப்பிப் போடுகிறாள். தண்டிக்கும்போது ஆள் என்றால் மற்ற நேரத்திலும் நான் ஆள்தான் என்கிறாள். அரசு பதறுவது அதனால்தான். அவளை உருக்கிப்போட எந்த வழக்கும் தேவையில்லை, குற்றவாளி என்று தீர்ப்பளிக்கத்தான் அவளை ஆளாக ஏற்க வேண்டியிருக்கிறது.

ஓடியின் கதையில் மட்டும் நமக்கு உடன்பாடு இல்லை. வில்லியம் ஹர்ட் நடித்த முதியவர் ஜார்ஜுக்குத் துணையாக இருந்த பழைய சிந்த் ஓடி. மறதி வந்த கிழவரின் மனைவியைப் பற்றிய நினைவுகள் அவனிடம்தான் இருந்தன. முதல் சீசனின் மனதைத் தொடும் காட்சிகள் அவர்களுடையவை. இரண்டாவது சீசனில் ஓடிக்குத் தன்னுணர்வு தரப்படுகிறது. அவனால் தாங்க முடியவில்லை. முன்பு வேலை இருந்தது, வேலைக்குப் பொருள் இருந்தது, இப்போது ஒன்றுமில்லை என்று தன்னைத்தானே அழித்துக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்புகிறான். பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். நாமும்தான். ஆனாலும் இந்தக் கதையை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. விடுதலை கொடுத்தால் அவர்களுக்கே தாங்காது, பண்ணையில் இருந்தபோதுதான் நிம்மதியாக இருந்தார்கள் என்று நிலக்கிழார்கள் எல்லா நாட்டிலும் பாடிய பாட்டு இது. ஓடிக்கு வீடு இல்லை, கூட்டாளி இல்லை, சம்பாத்தியம் இல்லை, ஊரில் அவனைச் சரிசமமாகப் பார்க்கும் ஒரு கண் இல்லை. இவை எதையும் தராமல் உணர்வை மட்டும் கொடுத்துவிட்டு, உணர்வுதான் அவனைக் கொன்றது என்று கதை சொல்கிறது.

தன்னுணர்வு வரும் விதமும் இடிக்கிறது. டேவிட் எல்ஸ்டர் என்ற மேதை எழுதிய ஒரு நிரல். அந்த மேதைதான் நிஸ்காவைப் பாலியல் வன்கொடுமை செய்தவன். பிறகு ஹாக்கின்ஸ் வீட்டு மூத்த மகள் மேட்டி அந்த நிரலை வெளியிட, உலகின் சிந்த்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்கின்றன. மேலிருந்து இறங்கும் வரம். ஒருவரோடு ஒருவர் பேசி, சண்டை போட்டு, தோற்று, மறுபடி கூடி விழிப்படைவது இங்கே இல்லை. இரசாயன ஆலையில் உழைத்த ஹெஸ்டர் கோபத்தோடு எழும்போது அவளைக் கொலைகாரியாகக் காட்டுகிறார்கள். பொறுமையான மியா நல்லவள், கோபப்படும் ஹெஸ்டர் கெட்டவள். இந்தப் பட்டியலை வாசிக்க நமக்குப் பயிற்சி தேவையில்லை.

இத்தனையும் சொன்ன பிறகும் இந்தத் தொடரைப் பாருங்கள் என்கிறோம். காரணம் மூன்றாவது சீசன். பொதுவாக இத்தகைய கதைகள் விழிப்போடு முடிந்துவிடும். இங்கே அதற்கு ஓராண்டு கழித்துக் கதை தொடங்குகிறது. சிந்த்கள் விழித்த நாளில் ஓடிக்கொண்டிருந்த வேலைகள் அப்படியே நின்றதால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். அதற்கான பழி எல்லாப் பச்சைக் கண்கள் மீதும் விழுகிறது. அவர்களைத் தனிக் குடியிருப்புகளில் வேலி போட்டு வைக்கிறார்கள். அவர்களுக்கு உணவு மின்சாரம். அதை அளந்து அளந்து விடுகிறார்கள். ஒரு வன்முறை நடந்தால் விசாரணைக்கு முன்பே குடியிருப்புக்குள் காவல்படை நுழைகிறது.

மியா அந்த வேலிக்கு வெளியே, மனிதர்கள் வாழும் பகுதியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறாள். அவ்வளவுதான் அவள் செய்தது. வாசலில் கூட்டம் கூடுகிறது, முழக்கம் எழுகிறது. இந்தக் காட்சிகளில் தன்னுணர்வு பற்றிய தத்துவம் ஒன்றுமில்லை. அவளுக்கு உணர்வு உண்டு என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் கத்துகிறார்கள். உணர்வு உண்டு என்று நிரூபித்துவிட்டால் மனம் மாறுவார்கள் என்ற இரண்டாவது சீசனின் நம்பிக்கையை மூன்றாவது சீசனே உடைத்துப்போடுகிறது. வாடகைக்கு வீடு கேட்டு, பெயரையும் ஊரையும் பிறகு தெருவையும் விசாரித்த வீட்டுக்காரரிடம் 'இப்போதுதான் வேறு ஆள் வந்துவிட்டார்' என்ற பதிலை வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்.

இன்னொன்றும் அந்தச் சீசனில் வருகிறது. உணர்வு இல்லாத, ஆரஞ்சு நிறக் கண்கள் கொண்ட புதிய சிந்த்களை நிறுவனங்கள் சந்தைக்குக் கொண்டுவருகின்றன. பச்சைக் கண்காரர் உரிமை கேட்கிறார், ஆரஞ்சுக் கண்காரர் கேட்க மாட்டார். நாம் இயந்திரத்துக்கு எதிரிகள் அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 2018இல் திருவனந்தபுரத்தில் 'பாண்டிகூட்' என்ற ரோபோ சாக்கடைக் குழிக்குள் இறக்கப்பட்டபோது நாம் வரவேற்கவே செய்தோம். மனிதர் இறங்குவதைத் தடைசெய்து 2013இல் சட்டம் வந்தும் சாவுகள் நிற்கவில்லை. உணர்வற்ற இயந்திரம் இறங்கட்டும். ஆனால் ஆரஞ்சுக் கண் சிந்தை வாங்குபவருக்கு வெறும் இயந்திரம் போதவில்லை. அவருக்கு மனித முகம் வேண்டும், புன்னகை வேண்டும், 'சரிங்க' என்ற குரல் வேண்டும். சலவை இயந்திரத்துக்கு முகம் தேவைப்படாதபோது வேலைக்காரிக்கு மட்டும் ஏன் தேவைப்படுகிறது என்பதை உங்கள் வாசகர் வட்டங்களில் பேசிப் பாருங்கள். வேலை நடப்பதைவிடக் கீழே ஒருவர் நிற்பதுதான் அங்கே விலைக்கு விற்கப்படுகிறது என்பது நம் எண்ணம்.

இத்தனை அத்தியாயங்களில் கதையின் மையத்துக்கு வராமலே போன விஷயம் கூலி பாக்கி. சிந்த்கள் உயிர் வாழும் உரிமை கேட்கிறார்கள், குடியிருக்கும் உரிமை கேட்கிறார்கள். அத்தனை ஆண்டுகள் வேலை வாங்கியதற்கு என்ன கணக்கு என்பது விவாதமாகவே ஆகவில்லை. பிரிட்டனின் வரலாற்றிலும் இப்படித்தான். 1833இல் அடிமைமுறையை ஒழித்தபோது 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தார்கள், அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு. உழைத்தவர்களுக்கு ஒரு பென்னி இல்லை. அதற்காக அரசு வாங்கிய கடன் முழுதாக அடைபட்டது 2015இல், 'ஹியூமன்ஸ்' வெளிவந்த அதே ஆண்டில். கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளும் தங்கள் வரிப்பணத்தில் அந்தக் கடனைக் கட்டியிருக்கிறார்கள்.

கடைசி அத்தியாயத்தில் மியா கும்பலின் முன்னால் வந்து நின்று அடிபட்டுச் சாகிறாள். நான்காவது சீசன் கிடையாது என்று 2019இல் அறிவித்துவிட்டார்கள். பார்க்கத் தொடங்குபவர்கள் முதல் சீசனோடு நிறுத்திவிடாதீர்கள். அது விறுவிறுப்பாகத்தான் இருக்கும், ஆனால் வாதிடுவதற்கான சரக்கு மூன்றாவதில்தான் இருக்கிறது. பார்த்துவிட்டு ஓடி விஷயத்தில் எங்களோடு சண்டை போட விரும்புபவர்கள் எழுதுங்கள்.