முழு உடல் எம்ஆர்ஐ: யாருடைய உடலுக்கு முன்தடுப்பு?

2023 ஆகஸ்டில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன், பிரெனுவோ என்ற நிறுவனத்தின் எம்ஆர்ஐ எந்திரத்துக்கு முன்னால் நின்று எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார். உயிர் காக்கும் எந்திரம் என்று புகழ்ந்தார். எந்த நோய்க்குறியும் இல்லாத ஒருவர் தலை முதல் கால் வரை ஸ்கேன் எடுத்துக்கொள்ள அங்கே விலை 2,500 டாலர். அதே சரக்கு இன்று சென்னையிலும் ‘ஹெல்த் பேக்கேஜ்’ என்ற பெயரில் விற்பனைக்கு இருக்கிறது. வருமுன் காப்போம் என்று விளம்பரம் சொல்கிறது.

நம் இளம் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: பணக்காரர்கள் வருமுன் காத்துக்கொள்கிறார்கள், நம் ஆட்களுக்கு முற்றிய பிறகுதான் நோயே தெரிகிறது, அப்படியானால் இந்த ஸ்கேனை அரசே எல்லோருக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டாமா? நியாயமான கோபம். ஆனால் அந்தக் கோரிக்கை தவறு என்பதே எங்கள் நிலைப்பாடு. சமத்துவம் என்ற பெயரில் நாம் கேட்கப்போவது என்ன என்பதை முதலில் பார்த்துவிட்டுக் கேட்போம்.

எம்ஆர்ஐயை நாங்கள் எதிர்க்கவில்லை. மூளைக் கட்டி, பக்கவாதம், தண்டுவட நோய், மூட்டுச் சவ்வுக் கிழிசல் இவற்றுக்கெல்லாம் அது அருமையான கருவி. லி-ஃப்ராமேனி போன்று பரம்பரையாகப் புற்றுநோய் வரும் அபாயம் உள்ள குடும்பங்களுக்கு, ஆண்டுதோறும் முழு உடல் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வதற்கு மருத்துவக் காரணம் இருக்கிறது. மூட்டை தூக்கி முதுகு ஒடிந்த தொழிலாளிக்கு டாக்டர் எம்ஆர்ஐ எழுதிக்கொடுத்தால், அது காத்திருப்பு இல்லாமல், காசு இல்லாமல் கிடைத்தே ஆக வேண்டும். அதற்காகச் சண்டை போடுவோம். இங்கே பேச்சு வேறு. நோய்க்குறி இல்லாத, குடும்ப வரலாறு இல்லாத ஒருவரை எந்திரத்துக்குள் அனுப்பி ‘ஏதாவது இருக்கிறதா’ என்று தேடும் வியாபாரத்தைப் பற்றித்தான் பேசுகிறோம்.

அந்த வியாபாரத்துக்கு என்ன சான்று இருக்கிறது? ஸ்கேன் எடுத்துப் படிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களின் அமைப்பான அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2023 ஏப்ரலில் வெளிப்படையாகச் சொன்னது: அறிகுறியோ அபாயக் காரணியோ குடும்ப வரலாறோ இல்லாதவர்களுக்கு முழு உடல் ஸ்கேனைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை. வேலை கூடினால் வருமானம் கூடும் துறையே இப்படிச் சொல்கிறது என்றால் கவனிக்க வேண்டும். 2019இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, நோய்க்குறி இல்லாத 5,373 பேருக்கு எடுத்த முழு உடல் எம்ஆர்ஐ முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, கவலைப்பட வேண்டிய அல்லது என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியாத ஏதோ ஒன்று தெரிந்தது. அந்த ஏதோ ஒன்றுக்காக மறுபடி ஸ்கேன், ஊசி வைத்துச் சதை எடுத்தல், சில சமயம் அறுவை, மாதக்கணக்கில் தூக்கமில்லாத இரவுகள். இதையெல்லாம் தாண்டியவர்களின் ஆயுள் கூடியதா என்றால், அதைக் காட்டும் சான்று அந்தத் தொகுப்பில் இல்லை.

தென்கொரியா இந்தப் பாடத்தை நாடு முழுக்கப் படித்தது. அங்கே 1999இல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியபோது, மருத்துவமனைகள் கூடுதலாகக் கொஞ்சம் காசு வாங்கிக்கொண்டு கழுத்துக்கும் அல்ட்ராசவுண்ட் எடுத்தன. 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கு ஆனது. தைராய்டு புற்றுநோயால் செத்தவர்களின் விகிதமோ மாறவே இல்லை. அதாவது, வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே தராமல் இருந்திருக்கும் கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் கழுத்தை அறுத்துக்கொண்டு, காலமெல்லாம் மாத்திரை சாப்பிடுகிறார்கள். தேடினால் கிடைக்கும். கிடைப்பதெல்லாம் உயிரைக் கொல்லும் நோய் இல்லை.

இன்னொன்றையும் நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எம்ஆர்ஐ படம் பிடிப்பது முக்கியமாக உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜனை. நுரையீரலில் இருப்பதோ பெரும்பாலும் காற்று. அதனால் வழக்கமான எம்ஆர்ஐயில் நுரையீரல் சரியாகத் தெரியாது. கல்குவாரியில் தூசி தின்ற நுரையீரலைக் காட்டுவது மார்பு எக்ஸ்ரே. காசநோயைக் காட்டுவது சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும். ரத்தச்சோகை, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் கண்டுபிடிக்க ஒரு சொட்டு ரத்தமும் கையில் சுற்றும் பட்டையும் போதும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தச்சோகை என்று 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அது எந்த ஸ்கேனுக்கும் காத்திருக்கவில்லை. சாதி நம்மை எந்த வேலையில் தள்ளியதோ அந்த வேலை தந்த நோய்களில் பலவற்றை இந்த எந்திரம் பார்க்காது.

இப்போது சான்று என்ற சொல்லுக்கே வருவோம். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000க்குப் பிறகு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கருப்பை வாயில் வினிகர் போன்ற அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தை வெறும் கண்ணால் பார்க்கும் எளிய சோதனை. பயிற்சி பெற்ற நர்ஸ்களே செய்தார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்கள் 49,311 பேர் சோதனைப் பிரிவில் சேர்க்கப்பட்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னொரு 30,958 பேர் இந்தச் சோதனை இல்லாமல் வழக்கமான சிகிச்சையோடு விடப்பட்டார்கள். 2007இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: சோதனைப் பிரிவில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் வரும் சாவு 35 விழுக்காடும் குறைந்தன. மும்பைக் குடிசைப் பகுதிகளில் நடந்த ஆய்விலும் சாவு 31 விழுக்காடு குறைந்தது.

இந்தச் சான்றுக்கு யார் விலை கொடுத்தது? மும்பை, உஸ்மானாபாத், திண்டுக்கல் ஆகிய மூன்று ஆய்வுகளிலும் சோதனை தரப்படாத பிரிவுகளில் 254 பெண்கள் கருப்பை வாய்ப் புற்றுநோயால் செத்தார்கள். பலன் தரும் சோதனைகள் உலகில் ஏற்கெனவே இருந்தபோது இவர்களை ஏன் வெறுமனே விட்டீர்கள் என்ற அறக்கேள்வி மருத்துவ இதழ்களிலேயே எழுந்தது. சரி, ஏழைப் பெண்கள் உயிரைக் கொடுத்துச் சான்று வந்துவிட்டது. அதற்குப் பிறகாவது சோதனை எல்லாச் சேரிக்கும் போனதா? அதே 2019–21 கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 10 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. இந்திய அளவில் 2 விழுக்காட்டுக்கும் கீழே.

இதுதான் நம் குற்றச்சாட்டு. ஏழைக்கு ஒரு சொட்டு வினிகர் தர வேண்டும் என்றால் பல்லாண்டு ஆய்வு வேண்டும், ஒப்பீட்டுப் பிரிவு வேண்டும், பிணக் கணக்கு வேண்டும். அத்தனையும் கிடைத்த பிறகும் ‘நிதி இல்லை, ஆள் இல்லை’ என்ற பதில். காசுள்ளவர்களுக்கு விற்கும் ஸ்கேனுக்கு எந்தச் சான்றும் தேவையில்லை. போதாக்குறைக்கு, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவு, முன்தடுப்புப் பரிசோதனைக்குச் செலவழித்ததில் 5,000 ரூபாய் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ள அனுமதித்தது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ளவரின் முன்தடுப்பில் அரசும் பங்கு போட்டது. தினக்கூலிக்கு அந்தக் கழிவால் என்ன பயன்?

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். ‘உனக்கு இது ஒத்துவராது’ என்று சொல்லித்தானே நம்மைக் குளத்திலிருந்தும் கோயிலிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் விரட்டினார்கள், இப்போது நீங்களும் அதையே சொல்கிறீர்களா? கேட்க வேண்டிய கேள்வி. 1927 மார்ச் 20இல் மகாடில் பாபாசாகேப் அம்பேத்கர் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அந்தத் தண்ணீர் எல்லோருக்கும் உயிர் ஆதாரம். ஆகவே உரிமை. இந்த ஸ்கேன் அப்படிப்பட்ட தண்ணீர் இல்லை. பணக்காரருக்கும் இதனால் நன்மை என்று நிரூபிக்கப்படவில்லை என்பதே நம் வாதம். அவர்களை ஏமாற்றி விற்கும் சரக்கில் நமக்கும் ஒரு பங்கு கேட்பது சமத்துவம் ஆகாது. அரசு ஒருவேளை ‘சரி’ என்று சொன்னால் என்ன நடக்கும்? காப்பீட்டுப் பணம் ஸ்கேன் கம்பெனிகளுக்குப் போகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் பணியிடம் காலியாகவே கிடக்கும். சந்தேகத்துக்கு இடமான ஒரு புள்ளியோடு நம் ஆள் வீடு திரும்புவார். அடுத்த சோதனைக்கு அலைய அவருக்கு லீவும் கிடையாது, கூலியும் கிடையாது.

நமக்கு முன்தடுப்பு என்றால் என்ன? மலக்குழியில் மனிதர் இறங்காமல் இருப்பதுதான் முதல் முன்தடுப்பு. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் ஒரு சாவுக்கு 10 லட்சம் என்றது. 2023 அக்டோபரில் 30 லட்சம் என்று உயர்த்தியது. 1993 முதலான மலக்குழி மரணங்களை மாநிலவாரியாக நாடாளுமன்றத்தில் அடுக்கியபோது, 200ஐத் தாண்டி முதலிடத்தில் நின்றது சமூகநீதி மண் என்று மார்தட்டும் தமிழ்நாடு. குழிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு சில நிமிடங்களில் ஆளைக் கொல்லும். அதை எந்த ஸ்கேன் வருமுன் காட்டும்?

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள், தனியார்மயத்தை எதிர்த்து 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாளே அமைச்சரவை, தூய்மைப் பணியாளர்களின் நுரையீரல், தோல் நோய்களைக் கண்டறிந்து சிகிச்சை தரத் தனித்திட்டம் என்று அறிவித்தது. நோய் இருப்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. இனி கணக்குக் கேட்பது நம் வேலை.

தோழர்களே, உங்கள் வார்டில், உங்கள் ஒன்றியத்தில் இவற்றைக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். அந்தத் தனித்திட்டத்தில் இதுவரை எத்தனை பணியாளர்களுக்கு எக்ஸ்ரே எடுத்தீர்கள்? ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஈஎஸ்ஐ அட்டை கையில் இருக்கிறதா? மஞ்சள்காமாலைத் தடுப்பூசி போட்டீர்களா? சேரிப் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை கடைசியாக எந்தத் தேதியில் நடந்தது? நோய் என்று தெரிந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சை முடித்தார்கள்? கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு வார்டின் கணக்கை எடுத்துவிடலாம்.

அந்தக் கணக்கோடு சுகாதார அலுவலகத்துக்குப் போவோம். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, நர்ஸ், குழிக்குள் இறங்க மனிதருக்குப் பதில் எந்திரம். இவை பலன் தரும் என்று நிரூபிக்கப்பட்டவை. இவற்றைத் தராமல் இருப்பதற்கு அரசிடம் எந்தக் காரணமும் மிச்சமில்லை.