ஜம்ஜம் முதல் ரூமா வரை

பயிர் விளையாத பள்ளத்தாக்கு என்றே திருமறை மக்கமாநகரைக் குறிப்பிடுகிறது. இபுறாஹீம் நபி (அலை) அவர்கள் தம் குடும்பத்தை அங்கே விட்டுச் சென்றபோது கேட்ட துஆவில் அந்தச் சொல் வருகிறது. நாற்புறமும் மொட்டைப் பாறை மலைகள். நடுவே மணல் படிந்த ஓடை. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைச் சேர்த்து அளந்தாலும் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான். அதுவும் முறையாகப் பெய்வதில்லை. பெய்தால் ஒரே நாளில் கொட்டி, வெள்ளமாகத் திரண்டு, பிறகு மணலுக்குள் மறைந்துவிடும். 1941ஆம் ஆண்டு வந்த வெள்ளத்தில் சிலர் கஃபதுல்லாஹ்வை நீந்தியே தவாபு செய்தார்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. இப்படிப்பட்ட இடத்தில் மனிதர் குடியேறி, ஊர் அமைத்து, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது எவ்வாறு?

ஜம்ஜம் இருந்தது என்று நாம் உடனே விடை கூறிவிடுவோம். விடை சரிதான், ஆனால் பாதி விடை. நம் பயான்களில் இந்த வரலாறு பெரும்பாலும் நீர் பொங்கி எழுந்ததோடு நின்றுவிடுகிறது. அதற்கு அடுத்து நடந்ததையே இன்று நினைவூட்ட விரும்புகிறோம்.

அன்னை ஹாஜரா (அலை) அவர்களிடம் இருந்தவை ஒரு பை பேரீச்சம்பழமும் ஒரு தோற்பை நீரும் மாத்திரமே. நீர் தீர்ந்தது, தாய்ப்பாலும் வற்றியது. குழந்தை தாகத்தால் துடிப்பதைக் காணப் பொறுக்காமல் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை ஓடினார்கள். இறையருளால் நீர் வெளிப்பட்டதும் அவர்கள் முதலில் செய்த காரியம் என்ன? இரு கைகளாலும் மண்ணைக் கூட்டி வரப்புக் கட்டினார்கள். தோற்பையில் நீரை மொண்டு நிரப்பினார்கள். அற்புதம் கண்முன்னே நிகழ்ந்த வேளையிலும் அந்தத் தாய் நீரைச் சேமிக்க மறக்கவில்லை.

சில காலத்திற்குப் பின் யமன் நாட்டு ஜுர்ஹும் கூட்டத்தார் அவ்வழியே வந்து, மக்காவின் தாழ்ந்த பகுதியில் தங்கினார்கள். ஆகாயத்தில் ஒரு பறவை வட்டமிடுவதைக் கண்டார்கள். அந்தப் பறவை தண்ணீருக்கு மேலேதான் சுற்றும் என்பது பாலைவாசிகளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் நீர் இருந்ததாக அவர்கள் அறிந்ததே இல்லை. ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். நீர் இருந்தது, அதனருகே கைக்குழந்தையோடு ஒரு பெண்மணி தனியே இருந்தார்கள். நாங்கள் இங்கே தங்கலாமா என்று அவர்களிடம் அனுமதி கேட்டார்கள். தங்கலாம், ஆனால் இந்நீரின் மீது உங்களுக்கு உரிமை இல்லை என்றார்கள் அன்னையார். அவர்கள் சம்மதித்தார்கள். இது புகாரி ஷரீபில் காணப்படும் செய்தி.

ஒரு கோத்திரமே திரண்டு நிற்கிறது. எதிரே துணையற்ற ஒரு தாய். பறித்துக்கொள்ள நினைத்தால் தடுப்பார் யார்? அவர்கள் பறிக்கவில்லை. அன்னையாரும் அவர்களை விரட்டவில்லை. குடிக்கத் தந்தார்கள், உரிமையைத் தரவில்லை. மக்கமாநகரின் முதல் வீடு கட்டப்படுவதற்கு முன்பே தண்ணீரைப் பற்றிய ஓர் ஒப்பந்தம் அங்கே நிறைவேறிவிட்டது.

அந்த ஒப்பந்தம் என்றென்றும் நிலைக்கவில்லை. பிற்கால ஜுர்ஹும்கள் ஊரின் கண்ணியத்தைக் கெடுத்தார்கள். ஊரைவிட்டு விரட்டப்பட்டபோது ஜம்ஜமையே தூர்த்துவிட்டுப் போனார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அதன் பின் மக்காவாசிகள் ஜம்ஜம் இல்லாமலே வாழ நேர்ந்தது. குறைஷிகளை ஒன்றுசேர்த்த குஸையும் அவருக்குப் பின் வந்தவர்களும் கிணறுகள் தோண்டினார்கள். ஹஜ்ஜுக்கு வருவோருக்காக வெளியிலிருந்து நீர் சுமந்துவந்து தோல் தொட்டிகளில் நிரப்பி வைத்தார்கள். யாத்திரிகருக்கு நீர் புகட்டும் இந்த ஸிகாயா என்னும் பணி குறைஷியரிடையே பெரும் பதவியாக மதிக்கப்பட்டது.

நாயகம் (ஸல்) அவர்களின் பாட்டனார் அப்துல் முத்தலிப் ஜம்ஜமை மீண்டும் தோண்டி எடுத்தபோது வழக்கு எழுந்தது. இது நம் தந்தை இஸ்மாயீலின் கிணறு, எங்களுக்கும் பங்குண்டு என்றார்கள் குறைஷியர். தீர்ப்புக் கேட்க ஷாம் தேசத்தின் பக்கம் எல்லோரும் பயணமானார்கள். வழியிலே அப்துல் முத்தலிபின் கூட்டத்தாரிடம் நீர் தீர்ந்துவிட்டது. உடன் வந்தோரிடம் கேட்டார்கள். எங்களுக்கும் இதே கதி நேரும் என்று அஞ்சுகிறோம் எனச் சொல்லி அவர்கள் மறுத்துவிட்டார்கள். வேறு வழியின்றி, வலு இருக்கும்போதே ஒவ்வொருவரும் தமக்கான குழியைத் தாமே தோண்டிக்கொண்டார்கள். முதலில் இறப்பவரை மற்றவர் அடக்கலாம், கடைசி ஒருவர் மட்டும் அடக்கப்படாமல் கிடப்பார் என்று கணக்கிட்டார்கள். பின்னர், சாவுக்காக உட்கார்ந்திருப்பது கோழைத்தனம் என்று எழுந்து புறப்பட்டபோது, அப்துல் முத்தலிபின் ஒட்டகத்தின் காலடியில் நீர் சுரந்தது. அவர் முதலில் செய்தது, தண்ணீர் தர மறுத்தவர்களையே அழைத்துக் குடிக்கச் சொன்னதுதான். வழக்கு அங்கேயே தீர்ந்தது. இந்தப் பாலையில் உமக்கு நீர் தந்தவனே ஜம்ஜமையும் உமக்குத் தந்தான் என்று கூறிக் குறைஷியர் திரும்பினார்கள். இப்னு இஸ்ஹாக் இதனை அறிவிக்கிறார்.

மதீனாவின் நிலை வேறு. அங்கே பேரீச்சந் தோப்புகள் உண்டு. எரிமலைக் கற்கள் நிறைந்த ஹர்ராப் பகுதியிலிருந்து மழைநீர் இறங்கும் கால்வாய்கள் உண்டு. மேட்டுத் தோட்டக்காரருக்கும் பள்ளத்துத் தோட்டக்காரருக்கும் வரும் சச்சரவும் உண்டு. நம் ஊர் வாய்க்கால் பாசனக்காரர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. ஹழ்ரத் சுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் இடையே அத்தகைய வழக்கு நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தது. முதலில், சுபைர் பாய்ச்சிவிட்டு அண்டை வீட்டாருக்கு விட்டுவிட வேண்டும் என்று இணக்கமாகவே கூறினார்கள். உங்கள் மாமி மகன் என்பதாலா இந்தத் தீர்ப்பு என்று அந்த அன்ஸாரி கேட்டுவிட்டார். நாயகத்தின் திருமுகம் நிறம் மாறியது. பிறகு சட்டத்தைச் சட்டமாகவே கூறினார்கள்: வரப்பைத் தொடும்வரை நீரைத் தேக்கி, அதன் பின்னரே திறந்துவிட வேண்டும். அது கணுக்கால் அளவு என மக்கள் கணித்தார்கள். மஹ்ஸூர், முதைனிப் என்னும் ஓடைகளுக்கும் இதே அளவு: கணுக்கால் வரை மேட்டு நிலத்தார் தேக்கலாம்; அதற்கு மேல் கீழே உள்ளவருக்கு. அளவுகோலைத் தேட வேண்டாம், காலே அளவுகோல்!

குடிநீருக்கும் இவ்வாறே வரம்பு விதிக்கப்பட்டது. கிணறு தோண்டியவருக்கு, அவருடைய கால்நடைகள் தங்குவதற்காகச் சுற்றிலும் 40 முழம் இடம் உண்டு. ஆனால் தேவைக்கு மேல் எஞ்சிய நீரை வழிப்போக்கனுக்குத் தடுப்பவனை மறுமையில் அல்லாஹ் பார்க்கவும் மாட்டான் என எச்சரிக்கப்பட்டது. நாயகம் (ஸல்) அவர்கள் தாமும் ஒரு முத் நீரில், அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில், ஒளுச் செய்வார்கள். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு மிஸ்வாக் செய்யும் நாம் இதைக் கேட்டால் தலைகுனியத்தான் வேண்டும்.

முஹாஜிர்கள் மதீனாவில் குடியேறியபோது ரூமா என்னும் கிணற்றின் நீரே குடிக்கச் சுவையாக இருந்தது. அது தனியார் ஒருவருடையது. விலைக்குத்தான் நீர் கிடைக்கும். சுவனத்து ஊற்றுக்கு மாற்றாக அதனைத் தருகிறாயா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். எனக்கும் என் பிள்ளைகளுக்கும் இதைத் தவிர வேறு பிழைப்பில்லையே என்றார் உடையவர். ஊரின் தலைமையே தம் கையில் இருந்தும் அவர்கள் அக்கிணற்றைக் கைப்பற்றவில்லை. ஹழ்ரத் உதுமான் (ரலி) அவர்கள் விலை கொடுத்து வாங்கினார்கள். 35,000 திர்ஹம் என்கிறது ஓர் அறிவிப்பு. பாதிக் கிணற்றை 12,000 திர்ஹத்துக்கு வாங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்துக்கொண்டார்கள் என்கிறது மற்றொன்று. தம்முடைய நாளில் இலவசமாக விட்டதால் மக்கள் இரண்டு நாளைக்கும் சேர்த்து இறைத்துக்கொண்டார்கள். மறுநாள் விலைக்கு வாங்க ஆளில்லை. மீதிப் பாதியும் 8,000 திர்ஹத்துக்குக் கைமாறியது. வணிகர் அல்லவா அவர்கள்! வாங்கியதை முஸ்லிம்கள் யாவருக்கும் பொதுவாக்கி, தம் வாளியும் மற்றவர் வாளியைப் போன்றதே என்று ஏற்றுக்கொண்டார்கள்.

ஹிஜ்ரி 35ஆம் ஆண்டு, கி.பி. 656இல், கலகக்காரர்கள் கலீபா உதுமான் (ரலி) அவர்களின் இல்லத்தை முற்றுகையிட்டுத் தண்ணீரைத் தடுத்தார்கள். எண்பது வயதைக் கடந்த அப்பெரியார் வீட்டின் மேலிருந்து எட்டிப் பார்த்து, ரூமாக் கிணற்றை வாங்கி உங்களுக்கு விட்டவர் யார் என்று கேட்டார்கள். தாங்கள்தான் என்று கீழே நின்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்ட பின்னும் வழி விடவில்லை. கலீபா அவர்கள் அன்று குடித்தது உப்பு நீர். ரூமாக் கிணறு மதீனாவின் வடமேற்கே, அகீக் ஓடையின் அருகே, உதுமானின் கிணறு என்ற பெயரோடு இன்றும் இருக்கிறது.