சூறாவளிப் பருவமும் கல்லூரித் தேடலும்

அத்திலாந்திக் சூறாவளிப் பருவம் யூன் 1இல் தொடங்கி நவம்பர் 30இல் முடிவடைகின்றது. செப்ரெம்பர் நடுப்பகுதியே அதன் உச்சம். அமெரிக்கக் கல்லூரிகளை நேரிற் சென்று பார்க்கும் காலமும் இதுவே. முற்கூட்டிய விண்ணப்பங்கள் பலவற்றுக்கு நவம்பர் 1 இறுதிநாள். இவ்விரண்டுக்கும் இடையிலேதான் நம்மவரின் சேமிப்பு அகப்பட்டுக் கொள்கின்றது.

2005 ஓகஸ்ட் 27 அன்று நியூ ஓர்லியன்ஸ் நகரின் ரூலேன் பல்கலைக்கழகத்திற் புதுமுக மாணவர் பெட்டிகளுடன் வந்திறங்கினர். அன்றே வெளியேறும்படி பணிக்கப்பட்டனர். இரு நாட்களில் கத்ரீனா தாக்கியது. அத்தவணை முழுவதும் பல்கலைக்கழகம் மூடிக்கிடந்தது. மாணவர் வேறு கல்லூரிகளுக்குச் சிதறினர். 2021இல் ஐடா தாக்கியபோது அதே பல்கலைக்கழகம் மாணவரைப் பேருந்துகளில் ஹியூஸ்ரனுக்கு அனுப்பிற்று. பட்டறிவு வீண்போகவில்லை.

கடலோரத்தைத் தவிர்த்தாற் போதும் என்போரும் உளர். 2024 செப்ரெம்பரில் ஹெலீன், கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள மலைநகரான ஆஷ்விலைக் குடிநீரின்றித் தவிக்கவிட்டது. அங்குள்ள பல்கலைக்கழகம் ஒரு மாதமளவில் வகுப்புகளை நிறுத்திப் பின்னர் இணையவழியே தொடர்ந்தது.

இயலுமாயின் ஏப்ரலிற் செல்வதே மேல். இலையுதிர் காலத்திற் செல்வோர் திகதி மாற்றத்தக்க பயணச்சீட்டையே வாங்க வேண்டும். மலிவுச்சீட்டு இங்கே மலிவன்று. (அகதி வழக்கு முடியாதோர் எல்லை கடக்குமுன் சட்டத்தரணியைக் கேட்டல் அவசியம்.)

வளாகத்திற் கேட்கவேண்டிய கேள்வி வேறு. வெளியேற்றம் அறிவிக்கப்பட்டால் மாணவர் வீடு செல்வர் என்றே நிர்வாகங்கள் பல எண்ணுகின்றன. வீடு கடலுக்கப்பால் உள்ள பிள்ளைக்குப் பேருந்தும் படுக்கையும் எவர் தருவர் என்பதை நாம் எழுத்திற் கேட்டுப் பெறவேண்டும்.