கொதித்தோமே, நாம் மட்டும்?



கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்கள் தாக்கப்பட்டபோது, இந்தியர்கள் இனவெறியர்கள் அல்ல என்று வாதாடப்போன பா.ஜ.க.வின் தருண் விஜய், கறுப்பான தென்னிந்தியர்களோடும் சேர்ந்து வாழ்கிறோமே என்ற பொருளில் பேசினார். அது 2017. தமிழ்நாடே கொதித்தது, நியாயமாக.

ஆனால் நாம் மற்றவர்களை எப்படி நடத்துகிறோம் என்று அடையாறில் வீடு தேடும் மணிப்பூர், மிசோரம் பெண்களைக் கேளுங்கள். போனிலேயே தரகர் "எந்த ஊர்?" என்பார். அட்வான்ஸ் கையில் இருந்தாலும் வீடு "இப்பத்தான் முடிஞ்சுது". சமையல் வாடை, ராத்திரி யார் யாரோ வருவார்கள் என்று வீட்டுக்காரர்கள் காரணம் அடுக்குவார்கள். வாடகை பாக்கி வைத்து ஓடிய உள்ளூர்க்காரரைக் காட்டி அவருடைய மாவட்டத்தையே யாராவது ஒதுக்கியதுண்டா? தி.நகர் ஓட்டல்களில் மேசை துடைக்கும் அசாம் பையனுக்கு "ஏய் நேபாளி" என்பதே பெயர். (நேபாளியாகவே இருந்தாலும் இந்த "ஏய்" எதற்கு?)

இது நீடிப்பதற்குப் பெரிய தத்துவமெல்லாம் வேண்டாம். செய்கிறவருக்கு நஷ்டமில்லை, கேட்பாரும் இல்லை. 2014-இல் டெல்லியில் அருணாசல மாணவர் நிடோ தானியம் அடிபட்டு இறந்த பிறகு, மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு, இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கப் பரிந்துரைத்தது. நம் மாநில வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது. இன்ன இனத்தாருக்கு வீடில்லை என்பதையும் அது தடுக்க வேண்டும். சட்டமன்றத்தில் யாராவது கேட்பார்களா?

– வாசகி, மந்தைவெளி, சென்னை