பத்திரம் பத்திரமாக இருக்க

2021 நவம்பரில் திருப்பதி ஸ்ரீகிருஷ்ணா நகரில் நடந்த ஒரு சம்பவம் பலருக்கு நினைவிருக்கும். வெள்ளம் வடிந்த பின், தண்ணீரை இறைத்துவிட்டு ஒரு பெண் வீட்டின் நிலத்தடித் தொட்டிக்குள் இறங்கிக் கழுவிக்கொண்டிருந்தார். அப்போது சிமெண்ட் உறைகளை அடுக்கிக் கட்டிய அந்தத் தொட்டி அப்படியே தரைக்கு மேல் எழும்பியது. அந்தப் பெண் தப்பித்துவிட்டார். அதிசயம் என்று பார்க்க வந்தவர்களும் உண்டு. காரணம் எளிது: சுற்றியிருந்த மண் நீரில் ஊறிக் குழம்பாகிவிட்டது, உள்ளே இருந்த நீரை இறைத்ததால் தொட்டி எடை குறைந்தது, காலிப் பாத்திரம் மிதந்தது. சிமெண்ட்டையே தூக்கிவிடும் அந்த விசையை நம் வீட்டுச் சாமான்களைக் காக்கப் பயன்படுத்த முடியும் என்பதே நான் சொல்ல வருவது. வாய் இறுகப் பூட்டும் ஒரு பிளாஸ்டிக் டிரம் போதும்.

கார்த்திகை பிறந்த அந்த வாரத்தில் சுவர்ணமுகி கரை புரண்டது, திருமலை மலைப்பாதைகளில் பாறைகள் சரிந்தன. ராமச்சந்திராபுரம் மண்டலத்து ராயலசெருவு ஏரியின் கரையில் கசிவு தெரிந்ததும், கீழே இருந்த ஊர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். நல்லவேளையாகக் கரை நின்றது. ஆனால் ஓர் ஏரி உடையுமா உடையாதா என்று தெரியாத அந்த ஓரிரு மணி நேரத்தில் ஒரு குடும்பம் எதை எடுத்துக்கொண்டு கிளம்பும்? குழந்தை, கொஞ்சம் துணி, நகை. பட்டா, கிரயப் பத்திரம், மதிப்பெண் பட்டியல், அப்பாவின் சர்க்கரை மாத்திரை எல்லாம் பீரோவிலேயே தங்கிவிடும். 2015 வெள்ளத்துக்குப் பின் தொலைந்த ஆவணங்களுக்கு நகல் கொடுக்க அன்றைய தமிழக அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. முகாம் நடக்காத வெள்ளத்தில், கிரயப் பத்திரம் ஒன்று கரைந்துபோனால் காவல் நிலையப் புகார், நாளிதழ் விளம்பரம், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் என்று அலைய வேண்டும். கூலிக்குப் போகிறவருக்கு அது எத்தனை நாள் கூலி என்று கணக்குப் போட்டால், ஒரு டிரம்மின் விலை பெரிதாகத் தெரியாது.

கனடாவில் ஆறும் ஏரியுமாக நாள்கணக்கில் துடுப்புப் படகில் காட்டுக்குள் போகிறவர்கள், சாப்பாட்டையும் மாற்றுத் துணியையும் 30 அல்லது 60 லிட்டர் நீல நிற டிரம்மில்தான் அடைக்கிறார்கள். உணவுப் பண்டங்களை ஏற்றி அனுப்பச் செய்த சரக்கு டிரம்தான் அது. மூடியின் உள்விளிம்பில் ரப்பர் வளையம், வெளியே இறுக்கிப் பூட்டும் இரும்புப் பட்டை, அவ்வளவுதான். படகு கவிழ்ந்தாலும் டிரம் மிதக்கும். நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. சித்தூர்ப் பக்கத்து ஆலைகள் கிளிமூக்கு மாம்பழக் கூழைக் கிருமி போக்கிய பையில் நிரப்பி, அந்தப் பையை இரும்பு டிரம்மில் வைத்துத்தான் கடல் கடந்து அனுப்புகின்றன. அடியைத் தாங்குவது டிரம்மின் வேலை, கசியாமல் காப்பது பையின் வேலை. ஊறுகாய் ஜாடிக்கு மூடி போட்ட பிறகும் வேடு கட்டுகிற வீட்டுப் பெண்களுக்கு இந்த இரட்டைக் காப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. கார்த்திகை ஈரக் காற்றோடு மூடினால் அந்த ஈரமே உள்ளே தங்கித் தாளைப் பூஞ்சை பிடிக்க வைக்கும். புரட்டாசி வெயிலில் காகிதங்களை ஆறவிட்டு மூடுவது நல்லது. செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் உள்ளே போடலாம். ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துணுக்கு, ஒரு நூல் பிசிறு ஒட்டியிருந்தாலும் நீர் அந்த வழியாகத்தான் நுழையும். 60 லிட்டர் டிரம்மும் உள்ளே உள்ளதும் சேர்ந்து 18 கிலோ என்றால், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மூழ்கி மிதக்கும். கனமானது அடியில் இருந்தால் நிமிர்ந்து நிற்கும். விட்டுவிட்டுப் போக நேர்ந்தால் ஜன்னல் கம்பியில் கட்டலாம். ஆனால் கயிறு கூரையை எட்டும் நீளம் இருக்க வேண்டும். குட்டையாகக் கட்டினால் ஏறும் நீர் டிரம்மை அமிழ்த்திவிடும். இந்த மூடிகள் ஆழத்தில் மணிக்கணக்காகத் தாக்குப்பிடிக்கச் செய்யப்பட்டவை அல்ல.

எல்லாம் டிஜிலாக்கரில் இருக்கிறதே என்பார்கள். ஆதாருக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் அது சரி. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தை வைத்துக் கடன் கேட்டால் வங்கி அசலைத்தான் கேட்கும். மாத்திரையும் அரிசியும் செல்போனுக்குள் அடங்கா. இன்னொரு கேள்வி கனமானது: ஏரிகளையும் ஓடைகளையும் ஆக்கிரமிக்க விட்டுவிட்டு, மக்களை டிரம் வாங்கச் சொல்வது அரசைத் தப்பவிடுவதாகாதா? வரத்துக்கால்வாய்களை மீட்காத நிர்வாகத்துக்கு டிரம் எந்த வகையிலும் சாக்காகாது. ஆனால் ஆக்கிரமிப்பு வழக்குகள் முடியும்வரை மழை காத்திருக்காது. ஆகவே வாங்கும் சுமையை மக்கள்மேல் வைக்காமல், ஏரிக்கரைக்குக் கீழ் உள்ள வீடுகளுக்கு மழைக்கு முன்பே அரசு இதை வழங்கட்டும். வெள்ளம் வந்த பிறகு நிவாரண அரிசி கொடுக்கிற அதே துறையே இதைச் செய்யலாம்.

பழைய டிரம் வாங்குகிறவர்கள் உணவு வந்த டிரம்தானா என்று விசாரித்து வாங்குவது முக்கியம். ரசாயனம் வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் அதில் அரிசி போடக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒரு சோதனை: இந்த நாளிதழையே மடித்து உள்ளே போட்டுப் பூட்டி, மூடிப் பக்கம் நீரில் மூழ்கும்படி பெரிய அண்டாவில் தலைகீழாக அரை மணி நேரம் அழுத்தி வையுங்கள். வெளியே எடுத்து, துடைத்துத் திறக்கும்போது தாள் மொரமொரவென்று இருந்தால், அடுத்து பத்திரத்தை வைக்கலாம்.